எக்லெஸ்ஸா என்று கேட்கிறோம், கடலை இருக்கிறதா என்று கேட்பதில்லை

பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு கேக் கிச்சன் நடத்துகிறேன். ஆர்டர் கொடுக்க யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "எக்லெஸ்ஸா பண்ணுவீங்களா?" என்பதுதான். அடுத்தது, "இனிப்பு கொஞ்சம் கம்மியா போடுங்க." பீனட் பட்டர் ஃப்ராஸ்டிங் (வேர்க்கடலை விழுது கலந்த கிரீம் பூச்சு) வைத்த சாக்லேட் லேயர் கேக்கை ஆர்டர் செய்கிறவர்கள்கூட, சாப்பிடப் போகிறவர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று யோசிப்பதில்லை. அதனால் அந்தக் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

புளியோதரையில் கடலை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கேக்கில் அப்படி இல்லை. ஃப்ராஸ்டிங் இரண்டு லேயருக்கு நடுவே போய்விடும், வெளியே சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் ஊற்றிவிட்டால் பார்ப்பதற்குச் சாதாரண சாக்லேட் கேக்தான். கோகோவின் வறுத்த வாசனை கடலை வாசனையை அமுக்கிவிடும். "கடலை சாப்பிடக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஆறு வயதுக் குழந்தைகூட இதில் கண்டுபிடிக்க வழியில்லை.

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராதும்மா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடி நந்தி கோயில் பக்கம் கடலேகாய் பரிஷெ என்கிற வேர்க்கடலைத் திருவிழா நடக்கும்போது தெரு முழுக்கக் கடலைக் குவியல்தான். அதைக் கொறித்தே வளர்ந்த ஊர் இது. மேல்நாடுகளில் பேசப்படுகிற அளவுக்கு இங்கே கடலை அலர்ஜி பேசப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் இல்லவே இல்லை என்று நினைப்பது தவறு. நான் கேட்கும்போது, "ஆமா, என் தங்கச்சி பையனுக்கு இருக்கு" என்று தயங்கிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வறுத்துவிட்டால், வேகவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. அலர்ஜியைத் தூண்டுவது கடலையில் உள்ள புரதங்கள். ஓவன் சூட்டுக்கு அவை அழிவதில்லை. வறுத்த கடலையில் வீரியம் கூடுகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பீனட் பட்டர் என்பது வறுத்து அரைத்த கடலைதானே.

பாக்கெட்டில் அடைத்து விற்கிற உணவில் வேர்க்கடலை, பால், முட்டை, சோயா, கோதுமை போன்றவை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால் அந்த வரி இருக்கும். வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிற நம்மில் பலருடைய அட்டைப் பெட்டியில் ஒரு பெயர், ஒரு இன்ஸ்டாகிராம் முகவரி, அவ்வளவுதான். நான் பெட்டி மூடியில் "வேர்க்கடலை உள்ளது" என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டுகிறேன். பக்கவாட்டில் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

இனி கிச்சனுக்குள். இந்தக் கேக்கின் ஸ்பாஞ்சில் கடலையே கிடையாது, எல்லாம் ஃப்ராஸ்டிங்கில்தான். ஒன்பது அங்குலத் தட்டு இரண்டுக்கு நான் எடுப்பது: மைதா 220 கிராம், சர்க்கரை 350 கிராம், கோகோ 65 கிராம், பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றேகால் டீஸ்பூன் வீதம், கொஞ்சம் உப்பு, முட்டை 2, பால் 240 மி.லி., எண்ணெய் 120 மி.லி., கடைசியில் டிகாஷன் கலந்த கொதிநீர் 240 மி.லி. சூடான டிகாஷன் பட்டதும் கோகோவின் மணம் எழும்பும், காபி ருசி தெரியாது. 180 டிகிரியில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வெளிநாட்டுச் செய்முறைகளில் சோடாவும் பவுடரும் ஒன்றரை டீஸ்பூன் வீதம் இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே அளவு போட்டால் கேக் வேகமாகப் பொங்கி நடுவில் அமுங்கும். சென்னையிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் ஓவனைத் திட்டுவதற்கு முன் இதைக் கவனிக்கலாம்.

அந்த 120 மி.லி. எண்ணெயில்தான் ஒரு சிக்கல். நம் வீடுகளில் செக்குக் கடலை எண்ணெய் இருக்கும், கைக்கு வந்ததை ஊற்றிவிடுவோம். ரீஃபைண்ட் எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது; செக்கெண்ணெயில் மிச்சம் இருக்கலாம். ஸ்பாஞ்சுக்கு நான் சூரியகாந்தி எண்ணெய் மட்டுமே எடுக்கிறேன். அப்போதுதான் அதே ஸ்பாஞ்சில் இன்னொருவருக்குக் கோகோ பட்டர்கிரீம் வைத்துத் தர முடியும்.

ஃப்ராஸ்டிங்குக்கு வெண்ணெய் 150 கிராம், பீனட் பட்டர் 250 கிராம், ஐசிங் சுகர் 200 கிராம், தேவைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் கிரீம். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிற "நேச்சுரல்" வகை உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், ஃப்ராஸ்டிங்குக்கு ஆகாது. மதிய வெயிலில் கேக்கின் ஓரமாக எண்ணெய் கசியும். வீட்டிலேயே அரைப்பவர்கள் சுருங்கிய, கறுத்த, பூஞ்சை பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு அரையுங்கள். கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கடலை கேக்கை நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறேன். அதற்கென்று தனி ஸ்பேட்டுலா, கிரீம் அடிக்கத் தனி பீட்டர், தனி சல்லடை. பைப்பிங் பேக்கை அப்படியே குப்பையில் போட்டுவிடுவேன். மரக்கரண்டி கூடவே கூடாது. சானிடைசர் தேய்த்தால் கை சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள், அது கிருமிக்குத்தான். கடலைப் புரதம் போகச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

"அப்படின்னா கைக்குழந்தைக்குக் கடலையே காட்டக் கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். விஷயம் நேர்மாறாக இருக்கிறது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாத வயதிலேயே கடலை உணவைத் தொடங்கி, தொடர்ந்து கொடுத்துவந்தார்கள். ஐந்து வயதில் அவர்களில் அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. கடுமையான கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவது, தோல் தடிப்பது, வாந்தி, குரல் கம்முவது, மூச்சிழுப்பு, மயக்கம் என்று வந்தால் செட்ரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சை மீட்காது. உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. 108ஐ அழைத்து, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இத்தனை பார்த்து அனுப்பினாலும் பிறந்தநாள் வீட்டில் நடப்பது என் கையில் இல்லை. கேக் வெட்டியதும் அதே விரலால் வரிசையாக எல்லோருக்கும் ஊட்டிவிடுவது, முகத்தில் பூசி விளையாடுவது நம் வழக்கம். பாதுகாப்பான கேக் தனியாக வந்திருந்தாலும் அந்த விரல் போதும். அதனால் கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தை வருகிறது என்று தெரிந்தால் நான் பீனட் பட்டர் ஆர்டரையே எடுப்பதில்லை, எல்லோருக்கும் கோகோ பட்டர்கிரீம்தான் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தையின் அம்மாவும் ஹாலில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிடலாம்.