நள்ளிரவுக் காவலும் சிவப்பு விளக்கும்

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “தம்பி கடற்படையில் சப்-லெப்டினன்ட். ராத்திரி பன்னிரண்டு மணிக் காவலுக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் சிவப்பு விளக்கு மட்டும்தான் போட்டுக்கொள்வானாம். கண் கூசக்கூடாது என்றால் விளக்கைக் குறைத்தால் போதாதா? அதென்ன சிவப்பு? பச்சை ஆகாதா?”

பச்சை ஆகாது. பச்சைதான் இருப்பதிலேயே மோசம். காரணம் கண்ணுக்குள் இருக்கிறது.

முதலில் கப்பல். ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரிப்பது பழைய கடல் வழக்கம். மாலை நான்கிலிருந்து எட்டு வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டி மொத்தம் ஏழாக்குவார்கள். ஒற்றைப்படை என்பதால் முறை நாளுக்கு நாள் மாறும்; நள்ளிரவுக் காவல் ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழாது. போர்க்காலத்தில் இந்தச் சலுகையும் சுருங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பல கப்பல்களில் நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்று வாரக்கணக்கில் ஓடியிருக்கிறது. அந்த ஓய்வுக்குள்தான் சாப்பாடு, குளியல், எழுத்து வேலை, உடுப்போடு ஒரு தூக்கம். நள்ளிரவில் தட்டி எழுப்புவார்கள். இருபது, இருபத்திரண்டு வயது அதிகாரி மேல்தளத்துக்கு ஏறி வந்தால் எதிரே மை இருட்டு. வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் கசியக்கூடாது என்று கப்பல் முழுக்க மூடியிருக்கும். அந்த இருட்டில், அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும் நீர்மூழ்கியின் முதுகை அவர் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய நீர்மூழ்கிகள் இரவில் நீர்மட்டத்துக்கு வந்து தாக்குவதே வழக்கம்.

வெளிச்சம் எதிரிக்கு எவ்வளவு உதவும் என்பது நம் கடற்கரைக்குத் தெரிந்த கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையை நெருங்கியபோது நகரத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய்க் கிடங்குகளைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. கெட்டிக்காரனை இன்றும் நம் ஊரில் ‘சரியான எம்டன்’ என்கிறோம்.

இனி, எனக்குப் பிடித்த இடம்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும். சுமார் 60 லட்சம். குச்சிகள் இரவுக்கு, சுமார் 12 கோடி. ஒவ்வொரு குச்சிக்குள்ளும் ரொடாப்சின் என்ற நிறமி மூலக்கூறுகள் ஏறத்தாழ 10 கோடி. ரொடாப்சினின் மையத்தில் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. அதன் வடிவம் வளைந்தது. கதிர் அரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள் ஒன்று வந்து மோதினால் அரிவாள் நிமிர்ந்து நேராகிவிடும். ஒளி செய்யும் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் செல்லின் வேலை.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, சம்பா பயிர் நிற்கும் ராத்திரியில் வரப்போரம் நிற்க வேண்டும். தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். சத்தம் சட்டென்று அடங்கினால், யாரோ வருகிறார்கள். குச்சி செல்லும் அப்படித்தான். இருட்டில் அது சும்மா இருப்பதில்லை. அடுத்த நரம்பு செல்லுக்கு இடைவிடாமல் வேதிச் செய்தியை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஒளி பட்டதும் அடங்குகிறது. அந்த மௌனத்தைத்தான் மூளை ‘வெளிச்சம்’ என்று படிக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் பார்ப்பது அத்தனையும் ஒரு கூச்சல் அடங்குவதால் தெரிவது!

ஒரே ஒரு ஒளித்துகள் எப்படி ஒரு செல்லை அடக்குகிறது? குச்சியின் சுவரில் சோடியம் அயனிகள் உள்ளே வரும் மதகுகள் உண்டு. இருட்டில் அவற்றைத் திறந்து பிடித்திருப்பது சிஜிஎம்பி என்ற மூலக்கூறு. வாய்க்கால் மதகைத் தூக்கி இறக்கும் பணியாளரை லஸ்கர் என்போமே, அவரைப் போல. (ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளுக்கும் லஸ்கர் என்றே பெயர். கடலுக்கும் கால்வாய்க்கும் ஒரே சொல்.) நிமிர்ந்த ரொடாப்சின் ஒன்று, டிரான்ஸ்டியூசின் என்ற புரதங்களைப் பத்துக் கணக்கில், நூற்றுக் கணக்கில் உசுப்புகிறது. அவை ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி ஆயிரக்கணக்கில் சிஜிஎம்பியை அழிக்கிறது. லஸ்கர்கள் இல்லாத மதகுகள் படபடவென்று மூடிக்கொள்கின்றன. பெரிய ஆற்றிலிருந்து கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பல்லாயிரம் வயலை எட்டும் காவிரியைப் போல, ஒரு துகளின் செய்தி பல்கிப் பரவுகிறது.

இதன் எல்லை எது என்று ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அளந்து 1942-இல் வெளியிட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் பழகிய கண்ணுக்கு, குச்சிகள் 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே ‘ஏதோ மின்னியது’ என்று தெரிந்துவிடுகிறது. உலகம் கப்பல் கப்பலாக ஒன்றையொன்று மூழ்கடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டு.

சரி, ஏன் அரை மணி நேரம்? நிமிர்ந்துபோன அரிவாள் குச்சிக்குள்ளேயே மறுபடி வளையாது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்துக்குப் போக வேண்டும். அதுதான் கொல்லுப்பட்டறை. அங்கே வளைத்துத் திரும்பி வந்து, ரொடாப்சினில் பொருந்த வேண்டும். பளிச்சென்ற அறையில் இருந்துவிட்டு வந்தவர் கண்ணில் கோடிக்கணக்கான அரிவாள்கள் நிமிர்ந்து கிடக்கும். பட்டறை அவசரப்படாது. கூம்புகள் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். குச்சிகளுக்கு இருபது, முப்பது நிமிடம். நடுவில் யாராவது ஒரு தீக்குச்சியைக் கண்ணருகே கிழித்தால் பாதி வேலை பாழ்.

இப்போது சிவப்புக்கு வருவோம். குச்சிகள் மிக நன்றாக விழுங்குவது 500 நானோமீட்டர் பக்கத்து அலைநீளம் கொண்ட ஒளியை, அதாவது நீலப்பச்சையை. ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. கூம்புகளில் ஒரு வகைக்கு மட்டும் அது தெரியும். ஆக, தம்பி அந்தச் சிவப்பு அறையில் கூம்புகளால் வரைபடம் படிக்கிறார். குச்சிகளோ இருட்டில் இருப்பதாகவே எண்ணி அரிவாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. போர்க்காலத்தில் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் வால்டர் மைல்ஸ் இதையே கண்ணாடியாக்கினார்: சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் வெளிச்சமான அறையிலும் கண் இருட்டுக்குப் பழகும். ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு ஒளியில் சிவப்பு மையில் அச்சிட்ட கோடு காணாமல் போகும். கடல் வரைபடங்களில் சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தா நிறம் இடம்பிடித்தது அதனால்தான்.

பழகிய கண்ணும் பழகாத கண்ணும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1942 ஆகஸ்ட் 9, பசிபிக் கடலில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த சாவோ தீவு. இரவுப் பார்வைக்கென்றே பயிற்சி பெற்ற ஜப்பானியக் காவலர்கள், பெரிய இருகண்ணோக்கிகளோடு, அமெரிக்கக் காவல் கப்பல் புளூவை ஏறத்தாழ 9 கிலோமீட்டரிலேயே கண்டுகொண்டார்கள். புளூ அவர்களைப் பார்க்கவே இல்லை. அன்றைய சண்டையில் நேச நாடுகளின் நான்கு பெரிய கப்பல்கள் அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் பார்த்தவர் யார் என்பது சின்ன விஷயமல்ல.

இளம் அதிகாரிக்குச் சொல்லித்தரும் இன்னொன்று: தேடும் பொருளை நேராகப் பார்க்காதே. பார்வையின் நடுமையத்தில் குச்சிகளே இல்லை. சுமார் 20 டிகிரி தள்ளித்தான் அவை மிக நெருக்கம். ஓரக்கண்ணில் தெரிந்த நிழல், திரும்பி நேராகப் பார்த்தால் மறைந்துபோகும். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னைகளுக்கு நடுவே ராத்திரி நடந்தபோது அந்த நிழல்களை நானும் பார்த்தேன். ‘பார்த்தேன், திரும்பினேன், காணோம்’ என்று சிறுவயதில் கேட்ட பேய்க்கதை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. கொள்ளிவாய்ப் பிசாசும் இதன் உறவுதான் என்பது என் எண்ணம். இருட்டில் ஒற்றை விளக்கை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அலைவதாகத் தோன்றும். ஒப்பிட வேறொன்று இல்லாததால் மூளை ஏமாறுகிறது. 1799-இல் டெனரீஃப் தீவின் மலையில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் விண்மீன்களே நகர்வதாகக் கண்டார். வயலுக்கு அப்பால் யாரோ ஏந்தி நிற்கும் பெட்ரோமாக்ஸ் நகர்வதில் என்ன வியப்பு? பயந்தவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார்கள். அந்தப் பயத்துக்குத் தாயத்து விற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொரு கோபமும் உண்டு. 1876-இல் ஃபிரான்ஸ் போல் (Franz Boll) என்ற ஜெர்மானிய உடலியலாளர் இருட்டில் தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தார். செவ்வூதாவாக இருந்தது, வெளிச்சத்தில் வெளுத்துப்போனது. ரொடாப்சின் நமக்குத் தெரியவந்தது அப்படித்தான். முப்பது வயதில் காசநோயில் இறந்தார். தவளைக் கண் வெளுப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று கேட்டிருந்தால் பதில் சொல்ல முடிந்திருக்காது. பதில் வர அறுபது, எழுபது ஆண்டு ஆயிற்று. இன்று நம் மாணவர்கள் எழுதும் ஆய்வு விண்ணப்பத்தில் ‘உடனடிப் பயன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பத் தெரியாமல் நின்றுபோன நல்ல கேள்விகளை நான் பார்த்திருக்கிறேன். வயல் முழுக்கத் தவளை இருக்கும் ஊரில் இது எனக்கு வலிக்கிறது.

வாசகிக்கு: தம்பி விடுப்பில் வரும்போது, நிலா இல்லாத கார்த்திகை இரவாகப் பார்த்து கோடியக்கரைப் பக்கம் இருவரும் போய் நில்லுங்கள். கைபேசியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். கிழக்கே கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கும். முதலில் நேராகப் பார்த்து எண்ணுங்கள், ஆறு வரலாம். பிறகு பார்வையைச் சற்று ஒதுக்கி எண்ணிவிட்டு, எத்தனை என்று எழுதுங்கள்.