திரை நன்றாக இருக்கிறது, உள்ளே போகத்தான் வழியில்லை

சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காலண்டர் வடிவமைப்பது அவர் தொழில். 2015இல் வந்த 27 அங்குல ஐமேக் ஒன்றில்தான் இத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ஆப்பிள் இயந்திரம் அது. ஆடிப்பெருக்கன்று புதிய ஆல்பம் வெளியாக வேண்டும், இயந்திரமோ ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலைக்குத் தளர்ந்துவிட்டது. “திரை மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கிறது. புதிதாக வாங்கிய மடிக்கணினியை ஒரு கேபிளில் இணைத்து, இதை வெறும் மானிட்டராக வைத்துக்கொள்ள முடியாதா? ஒரு கடைக்காரர் முடியும் என்கிறார். இன்னொருவர் முடியவே முடியாது என்கிறார்” என்பது அவர் கேள்வி.

முதல் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 2009இல் வந்த 27 அங்குல ஐமேக்கில் தொடங்கி சில ஆண்டுகள் அந்த வசதி இருந்தது. பின்னால் கேபிளைச் செருகி ஒரு விசையை அழுத்தினால் கணினி ஒதுங்கிக்கொண்டு திரையை விட்டுக்கொடுத்துவிடும். 2014 அக்டோபரில், அகலத்தில் ஐயாயிரம் பிக்சலுக்கு மேல் கொண்ட 5கே திரை வந்தபோது அந்த வசதி காணாமல் போனது. வாசகரிடம் இருப்பது அதற்குப் பிந்தையது. ஆகவே இரண்டாம் கடைக்காரர் சொன்னதே சரி.

ஏன் என்று விளக்கும் முன் அந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அகலம் 5120 பிக்சல், உயரம் 2880. ஒரு பிக்சலின் அளவு ஏறக்குறைய 0.117 மில்லிமீட்டர். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க நல்ல கண்ணால் முடியும். கணக்குப் போட்டால், முகத்தை 40 சென்டிமீட்டருக்கும் அருகே கொண்டுபோனால்தான் இந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். இதே அளவுள்ள பழைய 27 அங்குலத் திரையில் 80 சென்டிமீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடும். நாம் வழக்கமாக உட்காரும் தூரம் இரண்டுக்கும் நடுவே. எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரிவதும் தெரியாததும் அந்த இடைவெளியில்தான் முடிவாகிறது. திரையின் அகலம் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர், உயரம் 33 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு ஏ4 பக்கங்களை நிஜ அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் கருவிப் பட்டைகளுக்கும் இடம் விடலாம். காலண்டர்க்காரர் இதை விட மனமில்லாமல் இருப்பதில் வியப்பில்லை.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். 5120ஐ 2880ஆல் பெருக்கினால் 1,47,45,600 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம். நிறத்துக்குக் குறைந்தது 8 பிட் என்றால் பிக்சலுக்கு 24 பிட். இதை நொடிக்கு 60 முறை அனுப்ப வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 2,120 கோடி பிட். அன்று இருந்த மானிட்டர் கேபிள்களில் வலுவானது டிஸ்பிளேபோர்ட் 1.2. அதன் நான்கு தடங்களும் சேர்ந்து சுமக்கக்கூடியது நொடிக்கு 2,160 கோடி பிட்.

போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, ஆப்பிள் வேண்டுமென்றே வழியை அடைத்துவிட்டது என்று கொஞ்ச நேரம் கோபமாகக்கூட இருந்தேன். ஆனால் அந்த 2,160 கோடியில் ஐந்தில் ஒரு பங்கு படத்தைச் சுமப்பதே இல்லை. தாளத்தைச் சுமக்கிறது.

கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் பாடிக்கொண்டே இருக்கும்வரை அவருக்குக் கவலையில்லை. பாடகர் நீண்ட நேரம் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிட்டால், எத்தனை அட்சரம் ஓடியது என்பதில் சந்தேகம் வந்துவிடும். அடுத்த அடி அரை அட்சரம் தள்ளி விழும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் சில்லுக்கும் இதே சங்கடம். மணியடித்துக் காட்ட அதற்குத் தனிக் கம்பி கிடையாது. வரும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அது தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. படத்தில் கறுப்பு வானம் வந்து பூஜ்யம் பூஜ்யமாகக் கொட்டினால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எத்தனை பூஜ்யம் வந்தது என்பதே மறந்துவிடும். அதனால் அனுப்பும் முனையில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி எழுதுகிறார்கள். தேர்ந்தெடுத்த அந்தப் பத்துப் பிட் கோவைகளை எப்படி வரிசையாக அடுக்கினாலும், ஒரே இலக்கம் ஐந்து தடவைக்கு மேல் தொடர்ந்து வராது. தாளம் தப்பாது. அதற்குக் கூலி, பத்துக்கு இரண்டு பிட். 2,160 கோடியில் மிஞ்சுவது 1,728 கோடி. நமக்குத் தேவையோ 2,120 கோடி.

கதை கேபிளோடு முடியவில்லை. திரையின் ஓரத்தில் நேரக் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வரும் பிட்களைப் பிரித்து, 2880 வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நிரப்புவது அதன் வேலை. ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 5.8 மைக்ரோ நொடி. ஒளியே அதற்குள் 1.7 கிலோமீட்டர்தான் போகும். அந்த நேரத்தில் 15,360 உட்பிக்சல்களுக்கும் (பிக்சலுக்கு மூன்று நிறம்) தனித்தனி மின்னழுத்தம் போய்ச் சேர வேண்டும். நொடிக்கு அறுபது தடவை இதைத் தலைமுதல் கால்வரை செய்துகொண்டிருக்கும் சாதனத்தின் முன்னால் உட்கார்ந்துதான் ராகுகாலம், எமகண்டக் கட்டங்களை இழுத்து நகர்த்திக்கொண்டிருக்கிறோம்.

2014இல் இந்தச் சிக்கலை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகத் தீர்த்தன. டெல் அதே 27 அங்குலத்தில் ஒரு 5கே மானிட்டரை அறிவித்தது. படத்தை இடப்பாதி, வலப்பாதி என்று வெட்டி, இரண்டு கேபிள்களில் அனுப்பி, திரையில் ஒட்டவைக்கும் ஏற்பாடு. அறிவித்த விலை 2,500 டாலர். ஆப்பிளின் ஐமேக்குக்கோ வெளிக் கேபிளே தேவையில்லை. அனுப்புவதும் அதுவே, வாங்குவதும் அதுவே, நடுவில் சில அங்குலத் தூரம். சந்தையின் தரநிலை எதையும் பார்க்காமல், தன் சொந்த நேரக் கட்டுப்பாட்டுச் சில்லை வடிவமைத்துப் பொருத்திவிட்டது. அந்த ஐமேக் தொடங்கிய விலையும் 2,500 டாலர்தான், ஒரு முழுக் கணினியும் சேர்த்து! மானிட்டரை வாங்கினால் கணினி இலவசம் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லலாம் போலிருந்தது.

இங்கே கொஞ்சம் வழிமாறிப் போகிறேன். அந்தத் திரையில் பிக்சலுக்குப் பிக்சல் குழாய் திறப்பது போலத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் வழக்கமான சிலிக்கன் இல்லை, ஆக்சைடு. ஒழுங்கற்ற சிலிக்கன் படலத்தில் எலக்ட்ரான்கள் தடுக்கித் தடுக்கி நடக்கும். இண்டியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடில் எலக்ட்ரான் மேகங்கள் உருண்டை வடிவம். அணுக்கள் தாறுமாறாகக் கிடந்தாலும் உருண்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதால் பாதை அறுவதில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கலாம், பின்விளக்கின் ஒளியை அது மறைப்பது குறையும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதேயோ ஹோசோனோ 1990களின் நடுவிலேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். வளையும் படலத்தில் அப்படியொரு டிரான்சிஸ்டரை அவர் குழு செய்துகாட்டியது 2004இல். அரசு முகமை ஒன்று பல ஆண்டுகள் பொறுமையாகப் பணம் கொடுத்தது. மூன்றாண்டில் என்ன பயன் விளையும் என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் இப்படியோர் ஆராய்ச்சியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நம் ஊர் நிதிக் குழுக்களைக் கேட்க ஆசை.

சரி, வாசகரிடம் வருவோம். உள்ளே சொந்தப் பாதை போட்டுக்கொண்டதால் வெளியிலிருந்து வருபவருக்கு வாசல் இல்லை. அவருடைய ஐமேக்கின் முதுகில் இருக்கும் தண்டர்போல்ட் 2 என்ற இணைப்புத் துளையின் வேகம் நொடிக்கு 2,000 கோடி பிட். தேவைக்கு மயிரிழை குறைவு. ஆகவே 2014க்கும் 2015க்கும் நான் ஆப்பிளை மன்னித்துவிடுகிறேன். 2017 மாதிரியில் தண்டர்போல்ட் 3 வந்தது; அதன் வேகம் இரு மடங்கு. எல்ஜியின் 5கே மானிட்டர் அதே கேபிள் ஒன்றில் ஓடியது. அப்போதும், 27 அங்குல ஐமேக் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட 2020 வரைக்கும், வாசலைத் திறந்துவிடவில்லை. அதற்கு இயற்பியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒருங்கிணைந்த கணினியில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். நல்ல திரை பதினைந்து ஆண்டுகூட உழைக்கும். கணினி ஏழெட்டு ஆண்டில் மூச்சு வாங்கும். வாசகரின் இயந்திரத்துக்கு இயங்குதளப் புதுப்பிப்பு 2021இல் வந்த மான்ட்டரேயோடு நின்றுவிட்டது. காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தடியில் பூட்டியதுபோல. தனி மானிட்டரும் பெட்டிக் கணினியும் வைத்திருப்பவர் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மேசைக்கடியில் எட்டுக் கம்பிகள் பின்னிக் கிடக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஐமேக்குக்கு ஒரே ஒரு மின்கம்பி. உயரத்தை மட்டும் கூட்டிக் குறைக்க முடியாது. அதனால் பலர் அதை இரண்டு காகிதக் கட்டுகளின் மேல் உட்காரவைத்திருப்பார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரம் 5 மில்லிமீட்டர், நடுமுதுகு மட்டும் புடைப்பு. அதற்குள் ஒரே ஒரு விசிறி. வாசகரின் மாதிரியில் மேசைக்கணினிச் செயலியைப் போட்டுவிட்டு, வரைகலைக்கு மடிக்கணினிக்கான சில்லைப் போட்டிருப்பது இந்த வெப்பத்துக்குப் பயந்துதான். காற்று நுழைவது கீழ் ஓரத்துப் பிளவுகள் வழியாக, வெளியேறுவது முதுகில் தாங்கியின் பின்னால். ஆயுத பூஜையன்று எல்லா அலுவலகத்திலும் சந்தனம் வைக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். திரைக்குக் கீழே உள்ள அந்த வெள்ளிப் பட்டை! காய்ந்து உதிரும் சந்தனமும் விபூதியும் விழுவது பிளவுகளின் வாசலில், உறிஞ்சுவதற்கு விசிறி தயாராக இருக்கிறது. கணினியைக் கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பொட்டைத் தாங்கியின் பாதத்தில் வைத்தால் போதும். வேகம் குறைந்ததற்குத் திருஷ்டி காரணம் என்று எலுமிச்சம்பழம் கட்டுவதைவிட அந்தப் பிளவுகளைத் தூரிகையால் துடைப்பது பலன் தரும்.

வாசகருக்கு ஒரு வழி உண்டு, துணிச்சல் வேண்டும். இந்தத் திரைப் பலகைக்கென்றே இயக்கும் பலகைகள் இணையத்தில் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் கணினியை முழுக்கக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையைத் திரையோடு இணைத்தால் ஐமேக் கூடு மானிட்டராகிவிடும். பிறகு வந்த டிஸ்பிளேபோர்ட் 1.4 தாளத்துக்குப் போக நொடிக்கு 2,592 கோடி பிட் தருவதால், அந்தத் தரம் உள்ள புதிய மடிக்கணினிக்கு ஒரு கேபிளே போதும். ஆனால் கண்ணாடி திருகாணியில் நிற்கவில்லை, பசைநாடாவில் ஒட்டியிருக்கிறது. பீட்சா வெட்டும் சக்கரம் போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவியை மேல், இடம், வலம் என மூன்று ஓரங்களிலும் ஓட்டி நாடாவை அறுக்க வேண்டும், கீழ்ப்பக்கம் ஓட்டக்கூடாது. ஆழமாகப் போனால் உள்ளே கம்பிகள் அறுந்துவிடும். மின்வழங்கியின் பெரிய மின்தேக்கிகள் கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், பழக்கமுள்ள தொழில்நுட்பரிடம் கொடுப்பது நல்லது. அறுத்த நாடா மறுபடி ஒட்டாது, புதிய நாடாவை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வேலையை ஆல்பம் வெளியான பிறகு தொடங்குங்கள்.