விளக்கணைக்காமல் தூங்குகிறவர்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாரம் ஒரு நாள் மனநல ஆலோசனைக்கு உட்காருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள். சென்ற வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு 68 வயது. அந்த அம்மாவின் கன்னம் வீங்கியிருந்தது. "கதவுல இடிச்சுட்டனுங்க" என்றார். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். "தூக்கத்துல அடிச்சுப்போடறாருங்க மேடம். முழிச்சதும் அவரே அழுவறாரு."

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட அறையில் பதினோரு நாள் அடைத்து வைத்து அடித்திருக்கிறார்கள். அப்புறம் எப்படியோ ஜோர்டானின் அம்மான் வரை போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து விமானத்தில் மீட்கப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் அவரும் ஒருவர். உயிரோடு வந்துவிட்டார் என்று வீடே கொண்டாடியது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் கள்ளுக்கா பஞ்சம்? முதலில் அது, பிறகு பிராந்தி.

மகன் நல்ல பையன்தான். "அவங்களையெல்லாம் மன்னிச்சு விட்டிருங்கப்பா, மனசு லேசாயிரும்" என்று என் முன்னாலேயே சொன்னான். அவர் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "மன்னிக்கலாமுங்க. அந்த மூஞ்சி கனவுல வராம இருந்தா மன்னிக்கலாம்."

அன்று அவர்களுக்கு லூயி சாம்பெரினியின் கதையைச் சொன்னேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். 1943 மே மாதம் அவர் போன போர் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. பதினோரு பேரில் பிழைத்தது மூன்று பேர். அதில் ஒருவர் மிதவையிலேயே இறந்தார். மழைத் தண்ணீர், கையில் சிக்கிய மீன், பறவை. பசி தாங்காதபோது சாம்பெரினி தன் அம்மாவின் சமையலை ஒவ்வொரு படியாக வாயாலேயே சமைத்துக் காட்டுவாராம். புத்தி பேதலித்துவிடாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. 47 நாள் கழித்துக் கரை சேர்ந்தால், அது ஜப்பானியர் கையிலிருந்த மார்ஷல் தீவுகள். போர் முடியும்வரை முகாம் முகாமாகச் சிறை. வத்தனாபே என்ற முகாம் காவலன் அவரைக் குறிவைத்தே வதைத்தான்.

வீடு திரும்பியபின் குடி. கனவில் வத்தனாபேயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவர், ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தால் கர்ப்பிணி மனைவியின் கழுத்து கையில். இதைச் சொன்னதும் அந்த அம்மா கணவரைப் பார்த்தார். தன் வீட்டில் மட்டும் நடக்கிற அசிங்கம் என்று அத்தனை வருடம் நினைத்திருந்தார் போல. சாம்பெரினி திரும்பிய 1945இல் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த நோய்க்கு பி.டி.எஸ்.டி. (PTSD) என்ற இன்றைய பெயர்கூட இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது ஏறியதே 1980இல்தான்.

1949இல் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கக் கூட்டத்துக்குப் பிறகு அவர் குடியை விட்டார், கனவுகளும் நின்றன. மறு வருடம் டோக்கியோவின் சுகாமோ சிறைக்கே போய், தன்னை வதைத்து, இப்போது அங்கே கைதிகளாக இருந்த காவலர்களைக் கட்டிப்பிடித்தார். 1998இல் நகானோ ஒலிம்பிக் ஜோதியை ஏந்தி ஜப்பானில் ஓடியபோது வத்தனாபேயைப் பார்க்க விரும்பினார். அவன் சம்மதிக்கவில்லை. சாம்பெரினியின் மன்னிப்பு அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

இங்கேதான் குடும்பங்கள் தப்பு செய்கின்றன என்பது என் எண்ணம். இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்கிறார்கள். அவருக்கு ஒரே இரவில் நடந்தது எல்லாருக்கும் நடக்காது. தூக்கமே இல்லாத மனிதரிடம் "மன்னி" என்றால், அதுவும் முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

நாங்கள் தூக்கத்தில் தொடங்கினோம். மனைவிக்குத் தனிக் கட்டில், தலைமாட்டில் கண்ணாடிச் சாமான் எதுவும் வேண்டாம் என்றேன். வயதானவர் கனவில் கைகால் வீசினால் அது நரம்பு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குச் சில வருடம் முன்பே சிலருக்கு அது வரும். அதனால் நரம்பியல் மருத்துவரிடமும் அனுப்பினேன். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதை மருத்துவர் கண்காணிப்பில் குறைத்தோம். மாத்திரை மனநல மருத்துவர் கொடுத்தது. என் வேலை, அந்தப் பதினோரு நாளை அவர் தாங்கும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைப்பது. மூன்றாவது வாரம்தான் அந்த அறையின் ஜன்னலைப் பற்றிச் சொன்னார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

போன மாதம் இருவரும் வந்தார்கள். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "ட்யூப்லைட்ட நிறுத்திட்டாருங்க மேடம்" என்றார் அந்த அம்மா. "இப்ப ஜீரோ வாட்ஸ் பல்புதான்."