புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. டல்லாஸில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் மத்திய அமெரிக்க நாடான பெலீஸுக்குப் புறப்படுகிறார். ஒரு வாரம் படகிலேயே தங்கி, உண்டு, உறங்கி, நாளுக்கு நான்கு முறை கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் பயணம்.

"அண்ணா, புயல் வருகிறதாம். இப்போதே இன்ஷூரன்ஸ் எடுத்துவிடலாமா?"

"பெயர் வைத்துவிட்டார்களா?"

"காலையிலேயே வைத்துவிட்டார்கள்."

"எடுக்கலாம் தம்பி. ஆனால் இந்தப் புயலுக்கு அது உதவாது."

அவருக்குக் கோபம் வந்தது. புயல் வரும்போது உதவாத இன்ஷூரன்ஸ் எதற்கு என்று கேட்டார். ஃபுளோரிடாவில் பதினான்கு ஆண்டுகளாகப் பயணக் காப்பீடு விற்கிறேன். ஆண்டுதோறும் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நானும் டைவர் என்பதால், படகில் தங்கிச் செல்லும் பயணங்களுக்கு, அதாவது லிவ்அபோர்டுகளுக்கு, ஆலோசனை கேட்டு வருபவர்கள் என்னிடம் சற்று அதிகம்.

நம் ஊர்க் கடற்கரையில் புயல் என்றதும் "எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" என்று கேட்போம். காப்பீட்டு நிறுவனத்துக்குப் புயலின் பெயர்தான் கூண்டு. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம், காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டதும் வெப்பமண்டலப் புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டுகிறது. 119 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது ஹரிகேன். பெரும்பாலான பாலிசிகளில் பெயர் சூட்டப்பட்ட கணத்திலிருந்து அந்தப் புயல் 'முன்பே தெரிந்த நிகழ்வு' ஆகிவிடுகிறது. தெரிந்த நிகழ்வுக்குக் காப்பீடு கிடையாது. வீடு எரியும்போது தீக்காப்பீடு விற்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

பெயர் சூட்டுவதற்கும் புயல் கரையேறுவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதைப் பார்க்க 2024-இன் பெரில் புயல் போதும். ஜூன் 28 அன்று அட்லாண்டிக்கில் உருவானது. ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவில் நான்காம் வகை ஹரிகேனாகக் கரையேறியது. அதற்கடுத்து, வகைகளிலேயே மிக வலுவான ஐந்தாம் வகையாகவும் வலுத்தது. மூன்று நாள் கணக்கு இது. 2025 அக்டோபரில் ஜமைக்காவைத் தாக்கிய மெலிசா கொஞ்சம் அவகாசம் கொடுத்தது: 21 அன்று பெயர், 28 அன்று கரை. ஒரு வாரம் இருந்தாலும் பாலிசி வாங்கும் ஒருவருக்கு அந்த ஏழு நாளும் ஒன்றுதான். 21-க்குப் பிறகு வாங்கியவருக்கு மெலிசா இல்லை.

ஆகவே நான் சொல்லும் தேதி பயணத் தேதி அல்ல, முன்பணம் கட்டிய தேதி. பணம் கட்டிய அன்று, தவறினால் அந்த வாரத்துக்குள், பாலிசியை எடுத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குக் கிடைக்கும் 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்' என்ற கூடுதல் பிரிவை, முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள்தான் சேர்க்க முடியும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது முழுப் பணத்தையும் தராது. பெரும்பாலும் 75 சதவீதம், சிலவற்றில் 50. திரும்பப் பெற முடியாத செலவு முழுவதையும் காப்பீடு செய்திருக்க வேண்டும், புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும். விலையும் அதிகம். இருந்தாலும் ஹரிகேன் பருவத்து லிவ்அபோர்டுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஒரே கூடுதல் பிரிவு இதுதான். ஏன் என்பதற்கு அந்த டல்லாஸ் தம்பதியின் கதையே போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்த மாதம், எந்தக் கடல் என்பதைப் பார்ப்போம். அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஒரு பருவத்தில் பெயர் பெறும் புயல்கள் 14. அவற்றில் 7 ஹரிகேன்கள். இந்த எண்களைக் காட்டிலும் புயல்கள் பிறக்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகர்வதைத்தான் பயணம் போடுகிறவர் கவனிக்க வேண்டும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்தில் பிறந்து நீண்ட தூரம் வருபவை சேபா, செயின்ட் கிட்ஸ் போன்ற கிழக்குத் தீவுகளையும் பஹாமாஸையும் மிரட்டும். அக்டோபரில் மேற்குக் கரீபியனிலேயே, அதாவது பெலீஸ், கேமன், கியூபா, ஹோண்டுராஸ் பக்கத்திலேயே, பிறக்கத் தொடங்கும். 1998-இன் மிட்ச், 2005-இன் வில்மா, இரண்டும் அப்படிப் பிறந்த அக்டோபர்க் குழந்தைகள். கிழக்கே பிறந்து பெலீஸுக்கு வந்த 2001-இன் ஐரிஸும் அக்டோபர்தான். "செப்டம்பர் தாண்டிவிட்டது, இனி பயமில்லை" என்று பெலீஸுக்கு டிக்கெட் போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பெருமளவு தப்பிக்கிற இடம் தெற்குக் கரீபியனில் இருக்கும் பொனேர், குராசாவ் தீவுகள். ஆனால் 1999 நவம்பரில் லென்னி என்ற ஹரிகேன் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அதன் அலைகள் பொனேரின் அமைதியான மேற்குப் பக்கத்துப் பவளப்பாறைகளையே அடித்து நொறுக்கின. தெற்கே போனால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

இந்தப் பருவத்தில் படகுக் கட்டணம் மலிவு, கடல் வெதுவெதுப்பு, கூட்டம் குறைவு. ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானே போகிறேன். ஆனால் விலைப் பட்டியலைக் கேட்பதற்கு முன் படகு நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: புயல் வந்தால் அந்த இரவில் பயணிகள் எங்கே தூங்குவார்கள்?

2001 அக்டோபர் 8. வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டிலிருந்து வந்த டைவிங் குழுவினர் வேவ் டான்சர் என்ற லிவ்அபோர்டில் இருந்தார்கள். ஐரிஸ் நெருங்குவதை அறிந்து படகு நடுக்கடலில் நிற்கவில்லை; தெற்கு பெலீஸின் பிக் க்ரீக் துறையில் கரையோரமாகக் கட்டப்பட்டது. பக்கத்தில் இன்னொரு டைவிங் படகும் கட்டியிருந்தது. பயணிகள் படகுக்குள்ளேயே இருந்தார்கள். ஐரிஸ் அளவில் சிறியது, ஆனால் நான்காம் வகை. கட்டியிருந்த கயிறுகள் அறுந்தன. படகு கரையிலிருந்து விலகிக் கவிழ்ந்தது. பயணிகளில் 17 பேரும் ஊழியர்களில் 3 பேரும் இறந்தார்கள். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆழம் அதிகமில்லாத அந்தத் துறையில், இறங்கி நடந்து போகக்கூடிய தொலைவில் கரை இருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1998-இல், மிட்ச் வந்தபோது ஃபான்டோம் என்ற பாய்மரப் பயணக் கப்பல் தன் பயணிகளை பெலீஸ் நகரில் இறக்கிவிட்டது. பிறகு புயலைத் தவிர்க்கக் கடலுக்குள் போனது. 31 ஊழியர்களுடன் மூழ்கியது, ஒருவரும் திரும்பவில்லை. பயணிகள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அவர்கள் படகில் இல்லை என்பதுதான்.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு விளங்கியது இதுதான்: படகுக்குப் பாதுகாப்பான இடம் வேறு, மனிதனுக்குப் பாதுகாப்பான இடம் வேறு. படகை அலையாத்திக் காட்டுக் கழிமுகத்துக்குள் கொண்டுபோய்க் கட்டுவது மாலுமிகளின் பழைய வழக்கம், அதில் தவறில்லை. அதற்குள் நாம் ஏன் இருக்க வேண்டும்? எந்தத் துறைக்கு ஓடுவீர்கள், எத்தனை மணி நேரம் முன்பு, முடிவெடுப்பது கேப்டனா கரையில் இருக்கும் அலுவலகமா, பயணிகளுக்குக் கான்கிரீட் கட்டடத்தில் இடம் உண்டா, அந்த ஓட்டல் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். "எங்கள் கேப்டன் அனுபவசாலி" என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

இப்போது டல்லாஸ் தம்பதி. அந்தப் புயல் பெலீஸை நேரடியாகத் தாக்கவில்லை, உரசிக்கொண்டு போனது. விமானம் ஓடியது. படகு இரண்டு நாள் துறையிலேயே நின்றது, பிறகு கிளம்பிக் கரைக்கு அருகே கலங்கிய நீரில் டைவ் கொடுத்தது. அவர்கள் கனவு கண்ட ப்ளூ ஹோல் என்ற கடலடிப் பெருங்குழியின் பக்கம் போகவே இல்லை. படகு நிறுவனம் ஒரு டாலர்கூடத் திருப்பவில்லை. வானிலையால் பாதை மாறலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

அவர்கள் முன்கூட்டியே பாலிசி எடுத்திருந்தாலும் சாதாரண ரத்துப் பிரிவு ஒன்றும் தந்திருக்காது. இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அந்தப் பிரிவு பணம் தருவதற்குக் குறிப்பிட்ட காரணங்கள் நடக்க வேண்டும்: விமானம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தடைபட வேண்டும், போகும் இடம் வசிக்க இயலாததாக வேண்டும், சில பாலிசிகளில் அந்த இடத்துக்கு ஹரிகேன் எச்சரிக்கை விடப்பட்டிருக்க வேண்டும். பாதை மாறியது, தண்ணீர் கலங்கியது, மனம் உடைந்தது எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. 'எந்தக் காரணத்துக்காகவும்' பிரிவு இருந்திருந்தால், எனக்கு ஃபோன் செய்த வியாழன் அன்றே ரத்து செய்து பணத்தில் ஒரு பகுதியை மீட்டிருக்கலாம். லிவ்அபோர்டில் இன்னொரு சிக்கல், 'போகும் இடம்' எது? ஏறும் துறையா, கடலா, படகா? ஓட்டல் இடிந்தால் வசிக்க இயலாது என்பது தெளிவு; படகு முழுசாக இருக்கிறது, துறைமுகம் மூடியிருக்கிறது என்றால்? பாலிசி வாங்கும் முன்பே இதை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். படகு நிறுவனம் பணத்துக்குப் பதிலாக அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான வரவுச் சீட்டு கொடுத்தால், உங்களுக்கு இழப்பே இல்லை என்று காப்பீட்டாளர் சொல்லலாம். சீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் எங்களைப் போன்றவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயணக் காப்பீடு வேறு, டைவிங் விபத்துக் காப்பீடு வேறு. இந்தியாவிலிருந்து எடுக்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டு என்ற ஒற்றைச் சொல்லில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் 30 மீட்டருக்குக் கீழே போனால் செல்லாது. வட கரோலினாவின் டர்ஹாமில் இருக்கும் டான் என்ற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகளின் டைவிங் காப்பீடு, டைவிங்கால் நோயுற்றவரை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைக்கும் மீளழுத்த அறைச் சிகிச்சைக்கானது. அதைத் தனியாக எடுக்க வேண்டும். 'வெளியேற்றம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஒன்று. நலமாக இருப்பவரைப் புயல் தீவிலிருந்து அழைத்துவருவது இன்னொன்று. பல பாலிசிகளில் முதலாவது மட்டுமே இருக்கும். நீங்களே விமானம் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு ரசீது அனுப்பினால் பெரும்பாலும் பணம் வராது. அவர்களுடைய உதவி எண்ணை முதலில் அழைத்தாக வேண்டும்.

யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. டைவ் செய்த உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழாகலாம். அதனால் பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது டானின் வழிகாட்டுதல். ஒரே ஒரு டைவ் என்றால் 12. புயலோ இந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. நான் இருந்த படகு ஒன்றில், வியாழன் பிற்பகல் இரண்டரைக்கு மூன்றாவது டைவ் முடிந்து ஏறியதும் கேப்டன் கரைக்குத் திரும்புவதாக அறிவித்தார். மறுநாள் காலை ஏழு மணி விமானத்தில் சில இருக்கைகள் இருந்தன. கணக்குப் போட்டேன்: பதினாறரை மணி நேரம். இருவர் ஏறிப் போனார்கள். நான் மதிய விமானத்துக்கு 410 டாலர் கூடுதலாகக் கொடுத்துக் காத்திருந்தேன். அது ரத்தாகிவிடுமோ என்று பயந்துகொண்டே. போன இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களில் ஒருவருக்கு, குமிழ் உண்டானதற்கு அறிகுறியாக, வழியில் மூட்டு வலித்திருந்தால், மின்சாரம் போகவிருந்த தீவில் அழுத்த அறை எங்கே இருந்திருக்கும்? இப்போதெல்லாம் கரீபியனில் ஒரு சுழலுக்கு, பெயர் வைக்கும் முன்பே, கண்காணிப்பு எண் கொடுக்கப்பட்டுவிட்டாலே நான் டைவை நிறுத்திவிட்டு மேல்தளத்தில் புத்தகம் படிக்கிறேன். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த 410 டாலர் பயண இடைநிறுத்தப் பிரிவில் திரும்ப வந்தது. வந்ததற்குக் காரணம் காகிதம்: படகு நிறுவனம் பயணத்தை முன்னதாக முடித்ததாகக் கொடுத்த கடிதம், என் பழைய டிக்கெட்டை மாற்றியதற்கான விமான நிறுவனத்தின் சான்று, ரசீது. கடிதத்தைப் படகிலிருந்து இறங்கும் முன்பே கேட்டு வாங்கினேன். புயல் அடித்துவிட்ட பிறகு அந்த அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது, அடிக்கக் கைபேசிக் கோபுரமும் இருக்காது. பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் தாளில் அச்சிட்டுப் பாஸ்போர்ட்டுடன் நீர்புகாப் பையில் வைத்திருக்கிறேன். டைவ் கணினியில் கடைசி டைவின் நேரம் தெரியும் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.