எய்ட்ஸ் காலத்து டேப்புகளைத் தொடுவதற்கு முன்

எய்ட்ஸ் காலத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது வந்தால், கேமரா, பட்ஜெட் எல்லாம் அப்புறம் பேசலாம், நீங்கள் காட்டப்போகும் பழைய காட்சிகளை அன்றைக்கு எடுத்தது யார் என்று தெரியுமா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பழைய பதிவுகளைத் தேடிப்பிடித்துப் படத்தில் சேர்ப்பதுதான் என் வேலை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் படம் முடிவாகிவிடுகிறது.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா வந்ததாகக் குறிப்பு வந்தது. ஐந்து பேருமே தன்பாலீர்ப்பாளர்கள். பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றி வந்த முதல் அதிகாரபூர்வக் குறிப்பு அதுதான். 1995 முடிவதற்குள் அந்த நாட்டில் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் இதனால் இறந்துவிட்டார்கள். அதிபர் ரீகன் இதைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கவே 1985 ஆயிற்று. அந்த வருடங்களின் டிவி செய்திகளைத் தேடினால் திரும்பத் திரும்பக் கிடைப்பது ஆஸ்பத்திரிக் கட்டில், எலும்பும் தோலுமாக ஓர் ஆண், முகத்தை மறைத்து நிழலாக உட்கார்ந்து பேசும் ஒருவர். இதை வைத்தே படத்தைக் கோத்தால் பார்ப்பவர்கள் பரிதாபப்படுவார்கள், கட்டிலில் படுத்திருந்தவருக்கு ஒரு வாழ்க்கையும் கோபமும் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

அதே காலத்தில்தான் கேம்கார்டர் என்ற கையடக்க வீடியோ கேமரா சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது. 1987 மார்ச்சில் நியூயார்க்கில் தொடங்கிய, எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பில் போராட்டத்துக்குக் கேமராவோடு போனவர்கள் பலர். 1989-இல் அதற்குள்ளிருந்தே டிவா டிவி என்ற வீடியோக் குழு கிளம்பியது. போலீஸ் கை வைத்தால் அதுவும் பதிவாகட்டும் என்பதும் ஒரு நோக்கம். இந்த டேப்புகளைச் சத்தத்தோடு பாருங்கள். எய்ட்ஸுக்குக் கொடுத்த ஏஇசட்டி மருந்தை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டியிருந்த காலம் அது. மாத்திரைப் பெட்டியோடு, வேளை வந்தால் ஒலிக்கும் ஒரு பீப்பரும் பலர் பையில் இருந்தது, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று அடிக்கும், அடங்குவதற்குள் வேறு மூலையில் இன்னொன்று. ஒலியைச் சுத்தம் செய்பவர் இதை இரைச்சல் என்று துடைத்துவிடப் பார்ப்பார். விடாதீர்கள். எந்த நிபுணர் பேட்டியும் இதற்கு ஈடாகாது.

சரி, அனுமதி? இதுதான் உண்மையான சிக்கல். அன்றைக்குக் கேமரா முன் நின்றவர்கள் ஒரு போராட்டத்துக்காக நின்றார்கள், நாற்பது வருடம் கழித்து ஆன்லைனில் ஓடப்போகும் படத்துக்கு அவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பலர் உயிரோடு இல்லை. வேறு காரணம் சொல்லி அடக்கம் செய்த குடும்பங்கள் உண்டு. சட்டப்படி வாரிசிடம் கேட்டால் போதும் என்று ஒரு வக்கீல் சொல்லலாம், ஆனால் மகனை வீட்டை விட்டுத் துரத்திய அப்பா கையெழுத்துப் போடுவதும், கடைசிவரை பக்கத்தில் இருந்த துணைவர் தலையசைப்பதும் ஒன்றா? நான் இரண்டையும் தேடுவேன். துணைவர் வேண்டாம் என்றால் காட்சியை எடுத்துவிடுவேன், அது எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும்.

யார் ஃப்ரேமில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பெண்களுக்கு மட்டும் வரும் நோய் ஒன்றுகூட, எந்த நோய் வந்தால் எய்ட்ஸ் என்று கணக்கிடுவது என்ற அதிகாரபூர்வ வரையறையில் வெகுகாலம் இல்லை. வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 1993 ஜனவரியில்தான் திசுவுக்குள் ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோயைச் சேர்த்தார்கள். அதுவரை கணக்கில் வராமலே இறந்த பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளை ஆண்களின் முகங்களை மட்டும் வைத்து முடித்த படம் அந்தத் தவறைத் திரும்பச் செய்கிறது.

இன்னொன்று, அவசரம். காந்த நாடா சும்மா அலமாரியில் இருந்தாலே கெடும். பூஞ்சை பிடித்த ஹை8 டேப்பை (அந்தக் காலக் கேம்கார்டர் டேப் வகை) பரணில் கிடந்த ப்ளேயரில் போட்டு "என்னதான் இருக்கிறது பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள், அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். பழைய டேப்புகளைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுத்து, முழு நீளத்தையும் டிஜிட்டலாக்குங்கள். போராட்டம் முடிந்தபின் கேமராவை அணைக்க மறந்த பத்து நிமிடத்தில்தான் யார் எடுத்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது பல சமயம் தெரியவரும். பின்னணியில் பாட்டு ஓடுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள், அதன் உரிமைத் தொகை சின்னப் படத்தை அப்படியே முழுங்கிவிடும்.

1983-இல் டென்வரில் எய்ட்ஸோடு வாழ்ந்த சிலர் ஒரு மாநாட்டு மேடையில் ஏறி, எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். எடிட் டேபிளும் அப்படி ஓர் இடம்தான். அதனால் முதல் வெட்டுப் பிரதியை விழாக்களுக்கு அனுப்பும் முன் படத்தில் வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், மாற்றுவதற்கு நேரமும் பணமும் கையில் இருக்கும்போதே.