அலர்ஜி, ஒவ்வாமை, கிரந்தி

மட்டக்களப்பில் எந்த மருந்துக்கடையிலும் "அலர்ஜிக்கு ஒரு குளிசை தாங்க" என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நித்திரை வராத குளிசை வேண்டுமா, சாதாரணம் போதுமா என்று மட்டும் விசாரித்து எடுத்துத் தருவார்கள். தும்மலும் அலர்ஜி, தோல் தடித்தாலும் அலர்ஜி, பால் குடித்து வயிறு ஊதினாலும் அலர்ஜி, சிலருக்குச் சொந்தக்காரரும் அலர்ஜி. இவ்வளவு வேலை பார்க்கும் சொல் 1906இல்தான் பிறந்தது.

அதை உண்டாக்கியவர் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே. அந்தக் காலத்தில் தொண்டைக்கரப்பான் போன்ற நோய்களுக்குக் குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரத்தை (குருதியின் தெளிந்த நீரை) ஊசியில் ஏற்றுவார்கள். முதல் ஊசியில் பெரிதாக ஒன்றும் நடக்காத பிள்ளைக்கு இரண்டாம் ஊசியில் சீக்கிரமாகவே தடிப்பும் காய்ச்சலும் வருவதை அவரும் பேலா ஷிக் என்பவரும் கவனித்தார்கள். அதே மருந்து, அதே பிள்ளை, ஆனால் உடல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கிரேக்கத்தில் 'அலோஸ்' என்றால் பிற, வேறு. 'எர்கோன்' என்றால் செயல். இரண்டையும் சேர்த்து 'அலெர்கி' என்றார் பிர்கே. அவருடைய கணக்கில் இது நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. நோய் வந்து போனபின் உடல் பெறும் காப்பும் மாறிய செயல்தான், ஊசிக்குப் பின் வரும் தடிப்பும் மாறிய செயல்தான். பிற்பாடு நல்ல பாதி உதிர்ந்துபோய், கெட்டது மட்டும் அந்தப் பெயரில் நின்றுவிட்டது.

தமிழில் இதற்குச் சரியான சொல் ஒவ்வாமை. நம் பாடநூல்களும் அதைத்தான் எழுதுகின்றன, தமிழ்நாட்டிலும் அதுதான். கலைச்சொல் என்று யாரோ மேசையில் இருந்து செய்த சொல் மாதிரித் தெரிந்தாலும் இதன் வேர் பழையது. ஒத்தல், ஒப்பு, ஒவ்வுதல் எல்லாம் ஒரே குடும்பம். "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா" என்று 972ஆம் குறள் தொடங்குகிறதே, அங்கே ஒக்கும் என்பதும் ஒவ்வா என்பதும் ஒரே அடியில் எதிரெதிராக நிற்கின்றன. அங்கே பொருள் 'ஒரே மாதிரி இராது' என்பது. அதிலிருந்து 'இணங்காது, பொருந்தாது' என்ற பொருளுக்கு ஓர் அடிதான். "எனக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது" என்று வீட்டில் சொல்கிறோமே, அதன் எழுத்து வடிவம்தான் ஒவ்வாமை. பிர்கேயின் சொல் உடல் மாறியதைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் உணவும் உடலும் இணங்காததைப் பார்க்கிறது. எனக்குத் தமிழ்ச் சொல்தான் பிடித்திருக்கிறது; ஆனால் அதன் வாய் கொஞ்சம் அகலம். பால் குடித்தால் வயிறு ஊதுவதும், கச்சான் (வேர்க்கடலை) தின்றால் மூச்சு அடைப்பதும் அதற்குள் ஒன்றாகப் போய்விழுகின்றன. உணவு ஒவ்வாமைக்கு எடுக்கும் குருதிப் பரிசோதனைக்கு இவை இரண்டும் வேறு வேறு.

அந்தப் பரிசோதனைக்கு வருமுன் கிரந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். "அதத் தின்னாத மனே, கிரந்தி" என்று கேட்காமல் இங்கே வளர்ந்தவர் குறைவு. இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய், அன்னாசி என்று பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். வடமொழியில் கிரந்தி என்றால் முடிச்சு. உடம்பில் எழும் கட்டிக்கும் கொப்புளத்துக்கும் அந்தப் பெயர் வந்து, சித்த வைத்தியத்தில் சில புண்களுக்கும் கைக்குழந்தைகளின் நோய்களுக்கும் பெயராகி, கடைசியில் அவற்றைக் கிளப்பும் சாப்பாட்டுக்கும் ஆகிவிட்டது. ஆகவே கிரந்தி என்பதும் அலர்ஜி என்பதும் ஒன்றல்ல. சூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த சூரையில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற, உடம்பைச் சிவக்கவும் கடிக்கவும் வைக்கும் பொருளை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அந்தக் கறியைத் தின்ற வீட்டில் நாலு பேருக்கும் முகம் சிவந்து உடம்பு கடிக்கும். பார்த்தால் அலர்ஜி மாதிரியேதான் இருக்கும், உண்மையில் அது ஒருவகை நஞ்சேற்றம். அவர்களின் குருதியைச் சோதித்தால் மீன் ஒவ்வாமை என்று ஒன்றும் காட்டாது.

சரி, குருதியில் எதைத்தான் தேடுகிறார்கள்? வெளியிலிருந்து வரும் பொருளை எதிர்க்க உடல் செய்யும் புரதத்தை நம் உயர்தர உயிரியல் நூல் 'பிறபொருளெதிரி' என்கிறது. இலங்கைத் தமிழில் எனக்கு மிகப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று, கேட்டவுடன் விளங்கும். அதில் ஒரு வகைதான் ஐஜிஈ. (கடைசியில் இருப்பது ஆங்கில எழுத்து, பறக்கும் ஈ அல்ல.) இஷிசாகா தம்பதியர் 1966இல் அமெரிக்காவிலும், யொஹான்சொனும் பென்னிச்சும் 1967இல் சுவீடனிலும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெயரை வைத்தது. கச்சானுக்கு எதிரான ஐஜிஈ ஒருவரிடம் இருந்தால், அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள சில கலங்களில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்தமுறை கச்சான் புரதம் வந்து அதில் பிடித்ததும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பு, வாந்தி, முட்டு எல்லாம் சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும்.

பரிசோதனை இதைத்தான் வெளியில் செய்துபார்க்கிறது. கச்சான் புரதத்தை ஒரு திண்மத்தில் ஒட்டிவைத்து அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுவார்கள். கச்சானுக்குரிய ஐஜிஈ இருந்தால் ஒட்டும், மிச்சம் கழுவுப்படும். பிறகு ஒட்டியதன் மேல் ஒளிரும் அடையாளம் ஒன்றை ஏற்றி அளப்பார்கள். ஆரம்பத்தில் அந்த அடையாளம் கதிரியக்க அயடீன். அதனால் வந்த 'ராஸ்ட்' (முதல் எழுத்து கதிரியக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயர், கதிரியக்கம் கைவிடப்பட்ட பிறகும் சில வைத்தியர்களின் வாயில் இருக்கிறது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் அலர்ஜிக் குளிசையைச் சில நாள் நிறுத்தவேண்டும், இதற்கு வேண்டாம். வெறும் வயிறும் தேவையில்லை. தமிழில் இதை 'உணவு ஒவ்வாமைக்கான குருதிப் பரிசோதனை' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் கறாராகப் பார்த்தால் அது அளப்பது ஒவ்வாமையை அல்ல. உடல் அந்தப் புரதத்துக்கு எதிராக ஆயத்தமாகி இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆயத்தமாக இருப்பவர் எல்லோரும் சாப்பிட்டால் வருத்தப்படுவதில்லை.

றிப்போட்டில் 0.35 என்ற எண்ணைப் பலர் கண்டிருப்பார்கள். வழக்கமாக அதற்கு மேலே போனால் நேர்மறை என்று போடுவார்கள். எண்ணை வைத்து வகுப்பும் பிரிப்பார்கள், 100ஐத் தாண்டினால் உச்சமான ஆறாம் வகுப்பு. எண் கூடக்கூட அந்த உணவு உண்மையாகவே ஒத்துவராமல் இருக்கும் சாத்தியம் கூடும். வருத்தம் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆறாம் வகுப்பு என்றால் பிள்ளை செத்துப்போகும் என்று அழுகிறவர்களும், ஒன்றாம் வகுப்புத்தானே என்று துணிந்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். புல் மகரந்தம் ஒத்துவராதவருக்குக் கோதுமை நேர்மறையாக வரலாம், அவர் ரொட்டியும் பாணும் நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பார். கச்சான் ஒத்துவராத பிள்ளைக்குப் பயறும் உழுந்தும் சோயாவும் சேர்ந்தே நேர்மறை காட்டலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே அவரைக் குடும்பம். ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றப் பயறுகளைச் சாப்பிடுவார்கள். மொத்த ஐஜிஈ கூடுதல் என்று மட்டும் வந்தால் அதற்கு வயிற்றில் பூச்சி இருப்பதே காரணமாகலாம். இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு பிள்ளையின் தட்டில் இருந்து இட்லியும் பயற்றங்கஞ்சியும் பறிபோவதைப் பார்க்க எரிச்சலாக வரும். என்ன தின்றான், எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்ற கதைதான் முதலில். குருதி அதற்குச் சாட்சி. இரண்டும் பொருந்தாவிட்டால் வைத்தியசாலையில், வைத்தியரின் கண்முன்னே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் முடிவு. வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஐஜிஜி என்று இன்னொரு பரிசோதனையை நூறு உணவுகளுக்குச் சேர்த்து விற்பவர்களும் உண்டு. ஒரு உணவைத் தின்று பழகியவரிடம் அந்த வகை பிறபொருளெதிரி இருப்பது இயல்பு. நாம் தினமும் தின்னும் சோறே அதில் சிவப்பாக வரலாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008இலேயே சொல்லிவிட்டது. பாலில் உள்ள சர்க்கரை செரியாமல் வயிறு ஊதுவது நொதியம் போதாததால் வருவது, அதைச் 'செரியாமை' என்றே சொல்லலாம். 'சகிப்புத்தன்மையின்மை' என்ற மொழிபெயர்ப்பு வாயில் நுழையாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் வேறு, அதற்குரிய குருதிப் பரிசோதனையும் வேறு.

இனி உணவுப் பெயர்கள். என் கணக்கில் பெரிய ஆபத்து இங்கேதான். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட குறிப்பில் 'கடலை ஒவ்வாமை' என்று இருந்தால் அது பெரும்பாலும் வேர்க்கடலை, அதாவது நம் கச்சான். நமக்கோ கடலை என்றால் கொண்டைக்கடலை, கல்லடிக் கடற்கரையில் தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து விற்பது. அந்தக் குறிப்பை வாசித்து ஒரு தாய் கடலையை நிறுத்திவிட்டு, மாமாங்கத் திருவிழாவில் கச்சான் பையைப் பிள்ளையின் கையில் கொடுக்க இடம் இருக்கிறது. (கச்சான் என்பது நமக்கு ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றும்கூட, நல்ல வேளை, அது றிப்போட்டில் வராது.) அங்கே முந்திரி என்பது இங்கே மரமுந்திரிகை, கஜு. நம்மில் பலருக்கு முந்திரிகை என்றால் கொடியில் காய்ப்பது, முந்திரிகை வத்தல் என்றால் பாயாசத்தில் போடுவது. அங்கே சோளம் வேறு தானியம், அதை நாம் இறுங்கு என்போம். நம் சோளன் அங்கே மக்காச்சோளம். 'நட்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து குழப்பும். கச்சான் மண்ணுக்குள் விளையும் பயறு வகை, கஜு மரத்துக் கொட்டை. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றதும் ஒத்துவராது என்று விதி இல்லை. கஜு ஒத்துவராதவர் பிஸ்தாவில்தான் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும், அவை நெருங்கிய உறவு. தேங்காயை ஆங்கிலத்தில் 'நட்' என்று சொல்வதால் அதையும் நிறுத்திவிட்டு, பால் விடாத சொதி காய்ச்சத் தேவையில்லை. அதற்கென்று தனியாக ஒவ்வாமை இருந்தால் ஒழிய.

அம்பாறைப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. சிங்களத்தில் கச்சானுக்கு 'ரட்டகஜு' என்று பெயர், கஜு என்றால் மரமுந்திரிகை. அரைகுறையாகக் காதில் விழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே பிள்ளையின் பாடசாலைப் பையில் துண்டு எழுதி வைப்பவர்கள் 'நட்ஸ் அலர்ஜி' என்று எழுதாமல், 'கச்சான் ஒவ்வாமை' என்று உணவின் பெயரோடு தமிழிலும், 'ரட்டகஜு' என்பதைச் சிங்கள எழுத்திலும் எழுதுவது நல்லது. கீழே ஒரு வரி: மூச்சு அடைத்தாலோ தலைசுற்றி விழுந்தாலோ குளிசையை நம்பி இருக்காமல், அட்ரினலின் ஊசி போடக்கூடிய கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோகவும்.