தொக்கம் எடுக்கக் கிளம்பும் முன்

போன வாரம் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழுதால் கண்ணீர் இல்லை. "நேத்தே ஏன் வரலை?" என்றேன். "தொக்கம் எடுக்கப் போயிருந்தோம் டாக்டர். பிஸ்கட் துண்டு வந்துச்சு. ஆனா போக்கு நிக்கலை" என்றார் பாட்டி. தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி, குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதைத்தான் தொக்கம் எடுப்பது என்கிறார்கள். எடுக்கும்வரை வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து தாய்ப்பால்கூடக் கொடுக்கவில்லையாம். இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை.

சரி, அந்த பிஸ்கட்டைப் பேசிவிடலாம். குழந்தை அதைச் சாப்பிட்டு நான்கு நாள் ஆகிறது. பால் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். சோறு, இட்லிக்கு நான்கு மணி நேரம் ஆகலாம். அதற்குள் கூழாகி, கணைய நீர், பித்தநீர் என்று ஒவ்வொன்றாகக் கலந்து போய்க்கொண்டே இருக்கும். குழல் வைத்து உறிஞ்சினால் வரட்டும் என்று எந்த பிஸ்கட்டும் நான்கு நாள் முழுசாகக் காத்திருக்காது. உண்மையிலேயே தொண்டையில் அடைத்தால் குழந்தை இருமும், திணறும், எச்சில் ஒழுகும். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை எடுத்தவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

"தயிர் தயிரா கக்குறான், செரிக்கலைன்னுதானே அர்த்தம்?" இல்லவே இல்லை. இரைப்பைக்குப் போன பால் திரிவதுதான் முறை. செரிமானம் தொடங்கிவிட்டது என்று பொருள். மலத்தில் கேரட் துணுக்கும் பட்டாணித் தோலும் தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. நார்ச்சத்தை உடைக்கும் என்சைம் நம் யாருக்கும் கிடையாது. நமக்கு மென்று அரைக்கப் பல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை அது கெடுத்துவிடுவதால், உள்ளே போக வேண்டிய தண்ணீர் வெளியே போகிறது. சில நாளில் புதுச் செல்கள் வந்து தானே சரியாகும். அதுவரை குழந்தை வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால், நோய்ப்பட்ட குடலும் இரண்டையும் இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் செய்யும் வேலை இதுதான். 1971 வங்கதேசப் போரின்போது, அகதி முகாமில் காலரா பரவி சலைன் போதாமல் போனபோது, குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தார்.

முழுப் பாக்கெட்டையும், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அரைப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவு வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். துத்தநாக (ஜிங்க்) மருந்தைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, யார் சொன்னாலும்.

அப்புறம், வயிற்றைத் தட்டிப் பிசைந்துவிடும் இந்தக் 'குடல் தட்டுவது'. குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, காலை மடக்கி அழுது, பச்சையாக வாந்தி எடுத்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். அந்த வயிற்றைப் பிசைய வேண்டாம், தயவுசெய்து. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, துவண்டு கிடக்கிறது என்றாலும் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்புங்கள், திட்ட மாட்டேன்.